விடுபட்ட மூன்றாம் சரணம்

உங்கள் கடிதத்தில் மூன்று தப்பு இருந்தது, தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தோரு வருஷம் புரூப் பார்த்த கண் இது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை யார் என்று அப்புறம்தான் பார்க்கும். முதல் இரண்டும் சின்னத் தப்புகள். அதற்காக யாரும் நரகத்துக்குப் போகமாட்டார்கள். உங்கள் சபையில் எப்படியோ, எங்கள் சபையில் அதற்குக் கொஞ்ச நாள் வெந்து சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலமே போதும்.

மூன்றாவது கொஞ்சம் பெரியது. 'பாடலாசிரியர் அருமைநாயகம் உபதேசியார், தம் ஏழு வயது மகள் சுகிர்தமணி காலராவில் மரித்த அன்று, அவளுடைய கல்லறை அருகே அமர்ந்து இப்பாடலை இயற்றினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். வயது ஏழு இல்லை, பத்தொன்பது. காலரா இல்லை. கல்லறை இல்லை. மரிக்கவும் இல்லை. இப்போது உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாளே, அவள்தான், அதாவது நான்தான். ஆறிப்போகிறது, குடியுங்கள்.

வாசலில் பிரகாசியம்மாள் என்று பலகை இருக்கிறதே என்று யோசிக்கிறீர்கள். அது கத்தோலிக்கப் பெயர். கல்யாணத்தன்று காலையில் சாமியார் தண்ணீர் ஊற்றி வைத்தது. அதற்கு முன்னால் சுகிர்தமணி. நல்ல வசதி பாருங்கள், ஒருத்தி செத்தாலும் இன்னொருத்தி சம்பளம் வாங்கலாம்.

நீங்கள் என்னைத் தேடி வந்தது அதற்காக இல்லை, தெரியும். பழைய அச்சகத்தில் புரூப் பார்த்தவள் உயிரோடு இருக்கிறாள், அவளிடம் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று வந்தீர்கள். 'வைத்ததும் நீரே, எடுத்ததும் நீரே' பாட்டுக்கு உங்கள் புத்தகத்தில் ஐந்து சரணம். எங்கள் புத்தகத்தில் நாலு. மூன்றாவது இல்லை. அது அச்சில் விடுபட்டதா, ஆயர் சொல்லி எடுத்ததா? நாலு பக்கத்துக்கு ஆராய்ச்சி செய்திருக்கிறீர்கள். மரித்தவர்களுக்குச் சேதி சொல்லச் சொல்லுகிற சரணம் அது. மரித்தோருக்காக மன்றாடுவதை ஏற்காத உங்கள் சபை அதை வைத்திருக்கிறது, ஏற்கிற எங்கள் சபை எடுத்துவிட்டது, இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ஆனால் இரண்டு சபைக்கும் பொதுவாக நீங்கள் போடுகிற புத்தகத்தில் ஐந்தையும் சேர்ப்பதாக இருந்தால், அதற்குமுன் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஜன்னலைப் பாருங்கள். எதிரே கோயில். வாரத்துக்கு இரண்டு சாவு அடக்கமாவது நடக்கிறது. எல்லாவற்றுக்கும் இந்தப் பாட்டுதான். நாலு சரணம் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து என்றால் வீட்டை மாற்றவேண்டியிருக்கும். எண்பத்துநாலு வயதில் யார் எனக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார்கள்?

அப்பா உங்கள் சபையில் உபதேசியார். குருவானவர் மாதம் ஒருதரம் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளில் சபையை நடத்துகிறது, செத்தால் புதைக்கிறது, சண்டை வந்தால் விலக்குகிறது எல்லாம் உபதேசியார். அப்பா பாட்டும் எழுதுவார். எட்டுப் பக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகமாய் அச்சடித்துக் கன்வென்ஷன் கூட்டங்களில் கொடுப்பார். கையெழுத்துப் பிரதியை எங்கள் ஊர் அச்சகத்துக்குக் கொண்டுபோய், புரூப் பார்த்து, அப்பாவின் பாட்டில் இடித்த இடத்தைச் சொல்லித் திருத்தி வாங்கிவருகிறது நான். "ஏட்டி, நீ என் பாட்டுக்கு நியாயப்பிரமாணம்" என்பார். அந்த அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர் ரெமிஜியுஸ். தூத்துக்குடி ஆள், ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். அப்பாவின் கையெழுத்தைத் தப்பில்லாமல் அடுக்குகிற ஒரே கை அவருடையது. ஆகவே எங்களைச் சேர்த்துவைத்தது அப்பாவின் பாட்டுதான். அதை அவரிடம் ஒருநாளும் சொல்ல வாய்க்கவில்லை.

இப்போது உங்களுக்கு ஆர்.சி. என்றால் பெரிசாகத் தெரியாது. அன்றைக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், உபதேசியார் மகள் இந்துவைக் கட்டினால்கூட மன்னிப்பு உண்டு. பையனை மனந்திருப்பலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். ஆர்.சி. ஏற்கெனவே மனந்திரும்பினவன். அவனை என்ன செய்வது? அவர்களோ எங்களைப் பதிதர், வழிதவறினவர்கள் என்பார்கள். ஆகஸ்டு பதினாலாம் தேதி நான் அவரோடு தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். இரண்டு பேரும் இங்குள்ள ஆர்.சி. அச்சகத்தில் சேர்ந்தோம்.

அப்பாவை வேலையை விட்டு எடுக்கவில்லை. மேற்கே, மலையடிவாரத்தில் எங்களை யாருக்கும் தெரியாத ஒரு சபைக்கு மாற்றினார்கள். போன முதல் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அப்பா சொல்லியிருக்கிறார்: "எனக்கு ஒரே மகள் இருந்தாள். கர்த்தர் எடுத்துக்கொண்டார்." அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் அந்தச் சபையிலும் நிற்க முடியாது, இன்னும் மேற்கே போனால் மலையாளம். நான் அவரைக் குறை சொல்லவில்லை. காரியம் நடக்கவேண்டும்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், அதுதான் வினை. துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது, சபைதான் சோறு கொண்டுவர வேண்டும் என்று அங்கே வழக்கம். பழைய துக்கம்தானே என்று விடவில்லை. 'நம்ம உபதேசியாருக்கு அந்த ஊரில் யார் செய்தார்களோ' என்று அன்றைக்குச் சாயங்காலமே தூக்குவாளியில் சோறும் குழம்பும் வந்துவிட்டது. என் சாவுச் சாப்பாட்டை அம்மா மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் சபையார் கூடி உட்கார்ந்து, பிள்ளையை நினைத்து ஒரு பாட்டு பாடுங்கள் உபதேசியாரே என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பாட்டுக் கட்டுகிறவர் என்று தெரியும். பாடாமல் என்ன செய்வார்? பாடினார். அதுதான் உங்கள் பாட்டு பிறந்த கதை. ஒரு கல்லறையும் இல்லை, தூக்குவாளிதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அம்மா ஒரு கார்டு போட்டாள். ஆயுளில் ஒரே கார்டு. சோறு வந்தது, பாட்டு கட்டினது எல்லாம் பொடி எழுத்தில் எழுதி, அடியில், 'இங்கே நீ மரித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறது. வந்துவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.' கையெழுத்துப் போடவில்லை. நான் படித்துவிட்டுச் சிரித்தேன். ரெமிஜியுஸ் சிரிக்கவில்லை. அவருக்கு நகைச்சுவை கொஞ்சம் குறைவு.

அப்புறம் பாட்டு வளர்ந்தது. ஒரு பேராயர் கேட்டார், அழுதார், பாட்டுப் புத்தகத்தில் சேர்த்தார்கள். பாட்டோடு கதையும் வளர்ந்தது. நான் இதுவரை ஐந்து விதமாகச் செத்திருக்கிறேன், தம்பி. காலரா, பாம்புக்கடி, ஆற்றில் முழுகி, காய்ச்சலில், ஒரு பிரசங்கியார் சொன்னபடி இடி விழுந்து. ஒவ்வொருதரமும் எனக்கு வயது குறைந்துகொண்டே போகிறது. முதலில் பத்தொன்பதுதான் சொன்னார்கள். பிறகு பன்னிரண்டு. இப்போது நீங்கள் ஏழு என்கிறீர்கள். இன்னும் இருபது வருஷம் போனால் பிறக்கவே மாட்டேன்.

உங்கள் திருமண்டலப் பத்திரிகையை நான் முப்பது வருஷம் சந்தா கட்டி வாங்கினேன். வேறொன்றுமில்லை, அச்சுப்பிழை பார்க்க. அதில் ஒவ்வொரு செப்டம்பரிலும் வரும்: 'சுகிர்தமணி நினைவாக, ஆகஸ்டு 14, ஸ்தோத்திரக் காணிக்கை, தகப்பனார் அருமைநாயகம்.' எங்கள் கல்யாண நாள் அது. நாங்கள் மத்தியானம் கறிச்சோறு சாப்பிடுவோம்; அங்கே அப்பா எனக்கு நினைவுநாள் கொண்டாடுவார். ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை. சொன்ன பொய்யை அவ்வளவு ஒழுங்காகப் பராமரித்தவரை நான் வேறு பார்த்ததில்லை.

மூன்றாம் சரணத்துக்கு வருகிறேன். மற்ற நாலும் சரியான துக்கப் பாட்டு. குற்றம் சொல்ல இடமில்லை. பூ வாடும், பனி உலரும், நீர் தந்தீர், நீர் எடுத்தீர். மூன்றாவது மட்டும் இப்படி:

*கூப்பிடத் தெரியாக் கோழை நான் ஐயா,*
*கூரையின் கீழொரு விளக்கு வைத்தேன்;*
*தாழிட மாட்டேன் கதவினை என்று*
*தாண்டின காலுக்குச் சேதி சொல்லும்.*

இதில் என்ன பொருத்தம் இருக்கிறது, சொல்லுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் எதற்குக் கோழை? மோனைக்காகப் போட்டது. செத்தவளுக்கு எதற்குக் கதவைத் திறந்து வைப்பது? அவள் பரதீசில் இருக்கிறாள். அங்கே விளக்கு இருக்கிறது. வேதத்துக்கும் ஒத்துவரவில்லை, அவர் சொன்ன கதைக்கும் ஒத்துவரவில்லை. அப்பாவுக்கு எப்போதும் மூன்றாம் சரணத்தில்தான் சறுக்கும். முன்பெல்லாம் நான் பார்த்துத் திருத்துவேன். நான் இல்லாததால் அப்படியே அச்சேறிவிட்டது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். கதை இனிமேல்தான்.

எழுபத்தொன்றில், லெந்து என்கிற தவக்காலத்தில், இங்கே மைதானத்தில் உங்கள் சபையார் மூன்று நாள் கன்வென்ஷன் போட்டார்கள். நோட்டீசில் 'பாடலாசிரியர் நேரில் சாட்சி பகருவார்' என்று இருந்தது. அப்பா ஓய்வுபெற்றுவிட்டார் அப்போது. அம்மா போய் நாலு வருஷம். அதையும் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். செத்தவளுக்கு யார் தந்தி அடிப்பார்கள்? எனக்கு ஒரு குறும்பு. நம்முடைய அடக்கத்தை நாம் பார்க்கவில்லையே, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று. ரெமிஜியுஸ் தடுக்கவில்லை. "பாத்துட்டு வா. அங்க ஒண்ணும் பேசிராத, பிரகாசி" என்றார்.

பெண்கள் பக்கம், மணலில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். முக்காடு போட்டுக்கொண்டேன். சூரியன் இறங்கவில்லை, நல்ல வெளிச்சம். அப்பா மேடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். வேட்டி மட்டும் அதே வெள்ளை. மைக்கைப் பார்த்து என் சாவைச் சொன்னார். அவர் வாயால் நோய் என்ன என்று சொல்லவே இல்லை, அதைக் கவனித்தேன். மற்றவர்கள்தான் காலரா வைத்திருக்கிறார்கள். அவர் "எடுத்துக்கொண்டார்" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மாள் விம்மி விம்மி அழுதாள். எனக்குக் கைக்குட்டை கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். மரியாதைக்கு.

பாட ஆரம்பித்தார். முதல் சரணம், இரண்டாவது சரணம். அப்புறம் என்னைப் பார்த்தார். முக்காட்டோடுதான் இருந்தேன், ஆனால் பார்த்துவிட்டார். எப்படித் தெரியும் என்றால், நின்றுவிட்டார். ஆர்மோனியக்காரர் அந்த இடத்தையே இரண்டு தரம் சுற்றி வந்தார். அப்பாவுக்கு வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. சபை முழுக்க அழுகிறது, பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது என்று. பயம், தம்பி. எங்கே நான் எழுந்து, 'இதோ இருக்கிறேன்' என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். அந்த மனுஷருடைய பயம் எனக்குத் தெரியாதா?

அப்புறம் மூன்றாம் சரணத்தைப் பாடினார். சுருதி இல்லை. பாடி முடித்துவிட்டு, நாலாவதுக்குப் போகாமல் மூன்றாவதையே மறுபடியும் பாடினார். கண்ணை எடுக்காமல் என் பக்கமே பார்த்துக்கொண்டு. வயது, மறதி; வேறென்ன. பாடகர் குழு எந்தச் சரணம் என்று தெரியாமல் விழித்தது. மூன்றாம் தரமும் அதையே எடுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அது ஒன்றுதான் இன்றைக்கும் உறுத்தல்.

மறுநாள் காலையில் அச்சகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார், உங்கள் கோயிலில் மணி அடிக்கிறவர். வாசலிலேயே நின்றுகொண்டு, "புரூப் பாக்குற அம்மா நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். "உபதேசியார் ஐயா ஸ்டேஷன்ல இருக்காவ. வண்டி பதினொண்ணரைக்கு. சொல்லச் சொன்னாவ."

"வேறென்ன சொன்னார்?"

"வேற ஒண்ணும் சொல்லலம்மா. வண்டி நேரம் மட்டுந்தான்."

"என் பெயர் சொன்னாரா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாதவர்.

மணி அப்போது பத்தரை. என் மேஜையில் பதினாறு பக்கம் இருந்தது, மறையுரைத் தொகுப்பு, சாயங்காலத்துக்குள் மிஷினுக்குப் போகவேண்டும். "செத்துப்போனவள் ஸ்டேஷனுக்கு வருகிற வழக்கம் இல்லை என்று சொல்லுங்கள்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. போய்விட்டார். சொன்னாரோ இல்லையோ. ரெமிஜியுஸ் எழுத்துக் கேஸ் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் எழுத்து அடுக்குகிற கட்டையை வைத்தபடி, "போயிட்டு வாயேன், நான் யாரையாவது வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றார். பதினாறு பக்கத்தையும் பார்த்து முடித்தேன். பன்னிரண்டு பிழை எடுத்தேன். வண்டி ஊதுவது அச்சகத்துக்குக் கேட்கும். பதினொன்றரைக்கு ஊதவில்லை, பத்து நிமிஷம் தாமதம்.

நியாயம் எதுவென்று நீங்களே சொல்லுங்கள். ஸ்டேஷனிலிருந்து அச்சகம் பத்து நிமிஷ நடை. வேண்டுமென்றால் அவர் வந்திருக்கலாம். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். கால் இருந்தது, வழி இருந்தது. எனக்குத்தான் சேதி, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து. எப்போதும் சேதி சொல்ல அவருக்கு இன்னொருவர் வேண்டும், கோயில் மணி அடிக்கிறவரோ, கடவுளோ.

மூன்று வருஷம் கழித்து எங்கள் சபைக்குப் புதிய பாட்டுப் புத்தகம் அச்சுக்கு வந்தது. அதற்குச் சில வருஷம் முன்பே ரோமாபுரியில் ஆயர்களின் சங்கம் கூடி, பிரிந்த சகோதரரோடு இணக்கமாக இருங்கள், ஜன்னலைத் திறங்கள் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா? திறந்தார்கள். திறந்த ஜன்னல் வழியாக அப்பா உள்ளே வந்துவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பாட்டு. பதினைந்து வருஷம் அந்தப் பாட்டு எட்டாத கோயிலில் முழங்கால் போட்டு நிம்மதியாக இருந்தேன். நிம்மதி என்றால், அப்படித்தான்.

ஆயர் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. எந்தக் குழுவும் சொல்லவில்லை. சிவப்பு மையில் மூன்றாம் சரணத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் நீக்கல் குறி. அவ்வளவுதான். வேதத்துக்கு ஒத்துவரவில்லை என்று காரணம் வைத்துக்கொண்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை, புரூப் பார்க்கிறவளிடம் யார் கேட்பார்கள்? ரெமிஜியுஸ்தான் தாளைக் கொண்டுவந்து வைத்து, "இது தெரிஞ்சுதான் அடிச்சியா?" என்றார். தெரிஞ்சுதான் என்றேன். போய் எடுத்துவிட்டார். அடக்கத்துக்கு நாலு சரணம் போதும், சுற்றி நிற்கிறவர்களுக்கு வெயில்தானே. லட்சம் பிரதி போயிருக்கும். ஐம்பது வருஷம். இந்தக் கடற்கரை முழுக்க நாலு சரணம்தான் பாடுகிறார்கள். இரண்டாவது முடிந்து நாலாவது தொடங்குகிற இடத்தில் எல்லாரும் ஒரு மூச்சு விடுவார்கள். அந்த மூச்சு எனக்கு மட்டும் கேட்கும்.

எழுபத்தேழில் அப்பா போய்விட்டார். பத்திரிகையில் முழுப்பக்கம், படத்தோடு. 'பரலோகத்தில் தம் அருமை மகளோடு இணைந்தார்' என்று முடித்திருந்தார்கள். போய் ஏமாந்திருப்பார்.

தொண்ணூற்றெட்டில் ரெமிஜியுஸ். அவர் அடக்கத்திலும் இதே பாட்டு. பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தால் இது இருந்தது. எடுத்துப் பாருங்கள், கனமாக இருக்கும். ஈய எழுத்து. நாலு வரி, நூல் சுற்றிக் கட்டியிருக்கிறார். அச்சு எழுத்து இடம்வலம் மாறி இருக்கும். உங்களால் படிக்க முடியாது. எனக்கும் கொஞ்சம் நேரம் ஆயிற்று. நீக்கின வரியைப் பிரித்து எழுத்துக்களைக் கேஸில் போட்டுவிடவேண்டும், அதுதான் வேலை முறை. இருபத்துநாலு வருஷம் பிரிக்காமல் வைத்திருந்திருக்கிறார். எதற்கென்று தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஈயத்தைத் திருடுகிற ஆளும் இல்லை. நூலை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் எழுத்தெல்லாம் சிதறிப்போகும், பொறுக்கக் கண் போதாது.

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியும். அந்தச் சரணத்தை நான் சரியாகப் படிக்கவில்லை என்கிறீர்கள். அப்பாவின் பாட்டை என்னைவிட யாராவது கவனமாகப் படித்திருக்கிறார்களா? எத்தனை புரூப்! மோனைக்காகப் போட்டது என்றேனே. அதோடு விடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஐந்து சரணத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். உண்மை அதுதான் என்றால் அச்சில் வரத்தான் வேண்டும். நான் போனபிறகு போடுங்கள். ரொம்ப நாள் காக்கவைக்கமாட்டேன். பங்குச் சாமியாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன், என் அடக்கத்துக்கு அந்தப் பாட்டு வேண்டாம் என்று. "ஏம்மா, நல்ல பாட்டாச்சே" என்றார். எனக்கு ஒருதரம் பாடியாச்சு சாமி என்றேன். எனக்கு வயதாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கிளம்புகிறீர்களா? வண்டி எத்தனை மணிக்கு? பதினொன்றரைக்கு இப்போது வண்டி கிடையாது, நேரத்தை மாற்றி வெகுகாலம் ஆகிறது. ஆட்டோ எதற்கு, பழைய அச்சகம் இருந்த தெருவோடு நேரே போங்கள். பத்து நிமிஷம் என்று சொன்னேன், அதுவும் தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். ஒன்பதுதான். நடந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இல்லை. அப்புறம், பல தடவை.